கல்லூரியும் பல்கலைக்கழகமும் சேர்ந்து கேட்கும் ஆய்வு நல்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ், வரலாறு, மெய்யியல், மொழியியல், நாட்டார் வழக்காற்றியல் என்று மானுடவியல் புலங்களில் பாடம் நடத்தும் கல்லூரி ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். நல்கை (ஆய்வுக்குத் தரும் நிதியுதவி) வாங்கிய இரண்டு கூட்டுத் திட்டங்களில் இருந்திருக்கிறேன். ஒன்றில் இணை ஆய்வாளர், இன்னொன்றில் முதன்மை ஆய்வாளர். அதற்கப்புறம் ஃபோன் வர ஆரம்பித்தது. ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். தொகை, வயது வரம்பு, கடைசித் தேதி எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அவற்றை அந்தந்த அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டுத் திட்டம் என்றால் என்ன? இரண்டு பேர் சேர்ந்து விண்ணப்பித்தால் போதாதா?

போதாது. ஒரே துறையில் பக்கத்துப் பக்கத்து மேசைக்காரர்கள் சேர்ந்து செய்வதும் நல்ல ஆய்வாக இருக்கலாம். ஆனால் நல்கை தருபவர்கள் கூட்டு என்று சொல்லும்போது இரண்டு நிறுவனங்கள் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுவதைத்தான் நினைக்கிறார்கள். கல்லூரியிடம் என்ன இருக்கிறது, பல்கலைக்கழகத்திடம் என்ன இருக்கிறது, ஒருவர் இல்லாமல் மற்றவரால் ஏன் முடியாது என்பதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். உங்கள் ஊரில் ஈய எழுத்துக் காலத்து அச்சகங்களில் வேலை பார்த்த கம்பாசிட்டர்கள் பத்திருபது பேர் இன்னும் இருக்கிறார்கள். எழுத்துகளை கேஸிலிருந்து எடுத்துக் கோத்த கை, டிரெடில் மிஷினை மிதித்த கால். அவர்களுடைய தொழில் சொற்களையும் வாழ்க்கைக் கதைகளையும் பதிவு செய்ய வேண்டும். அந்த வீடுகளுக்குப் போய் வரத் தெரிந்தவர்கள் உங்கள் மாணவர்கள். சிலருக்குத் தாத்தாவே கம்பாசிட்டராக இருந்திருப்பார். ஒலிப்பதிவைப் பாதுகாக்கும் வசதி, மொழியியல் துறை, அகராதி செய்த அனுபவம் எல்லாம் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. இது கூட்டு. இந்த அச்சக உதாரணத்தையே கடைசி வரை வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் கல்லூரிக்குத் தகுதி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 1956-இல் இரண்டு பிரிவுகளைப் பாருங்கள். 2(எஃப்) என்பது கல்லூரியை அங்கீகரிப்பது. 12(பி) என்பது மத்திய அரசின் உதவித்தொகை பெறத் தகுதி தருவது. அலுவலகத்தில் கேட்டால் "நமக்கு ரெண்டும் இருக்கு சார்" என்பார்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். மானியக் குழுவின் கடித நகலைக் கையில் வாங்கிப் பாருங்கள். பல சுயநிதிக் கல்லூரிகளிடம் 2(எஃப்) மட்டுமே இருக்கும். அது விண்ணப்பத்தின் முதல் சல்லடையிலேயே தெரிந்துவிடும்.

12(பி) இல்லையென்றால் எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தகுதியுள்ள பல்கலைக்கழகம் முன்னின்று விண்ணப்பிக்க, நீங்கள் இணை ஆய்வாளராகச் சேர அறிவிக்கை இடம் தருகிறதா என்று பாருங்கள். கூட்டுத் திட்டத்தின் உண்மையான பயன்களில் இதுவும் ஒன்று. ஆனால் அதில் ஒரு சங்கடம் இருக்கிறது, கீழே பணம் பற்றிய கேள்வியில் வருகிறேன்.

யாரிடம் கேட்கலாம்?

மத்திய அரசின் மூன்று பேரவைகளை முதலில் சொல்ல வேண்டும். இந்திய சமூக அறிவியல் ஆய்வு மன்றம் 1969-இல் தொடங்கியது, எல்லாரும் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். என்றே சொல்வோம். இந்திய வரலாற்று ஆய்வு மன்றம் 1972. இந்திய மெய்யியல் ஆய்வு மன்றம் 1977. மூன்றுக்கும் தலைமை இடம் டெல்லி. தென்னிந்தியாவுக்கான ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். வட்டார மையம் ஹைதராபாத்தில் இருக்கிறது. இவற்றில் கூட்டுத் திட்டங்களுக்கு அதிகம் இடம் தருவது ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். தான்.

செவ்விலக்கியம் என்றால் சென்னையில் உள்ள செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம். அதன் எல்லை தெளிவானது: தொடக்க காலம் முதல் கி.பி. 6-ஆம் நூற்றாண்டு வரை, 41 நூல்கள். ஈய எழுத்து அச்சகத்தைத் தூக்கிக்கொண்டு போனால் கதவு திறக்காது. தொல்காப்பியத்தை இன்னொரு திராவிட மொழியின் இலக்கணத்தோடு ஒப்பிடுவதாக இருந்தால் பேசிப் பார்க்கலாம்.

2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த, அறிவியல் ஆய்வுக்கு நிதி தரும் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, பெயரைக் கேட்டதும் நமக்கில்லை என்று தோன்றும். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் மானுடவியல் புலங்களும் சமூக அறிவியலும் அறிவியல் தொழில்நுட்பத்தைத் தொடும் இடங்களும் அதன் வரம்புக்குள் வரும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஓலைச்சுவடி எழுத்தைக் கணினி படிப்பது, தேய்ந்த கல்வெட்டைப் பல ஒளிக் கோணங்களில் படம் பிடிப்பது, பழைய மையின் வேதியியல் எல்லாம் அந்த எல்லைக்கோட்டில் நிற்பவை. இதற்கு அறிவியல் துறைக் கூட்டாளி வேண்டும். கேன்டீனில் இயற்பியல்காரரோடு உட்காராதவர்கள் இனி உட்காரலாம்.

கூட்டாளி பல்கலைக்கழகமாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மால்கம் ஆதிசேசையா 1971-இல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், புதுச்சேரியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் போன்றவற்றோடும் சேரலாம். அறிவிக்கை இடம் தருகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மானியக் குழுவின் மைனர் புராஜெக்ட் (சிறு ஆய்வுத் திட்டம்) இன்னும் வருகிறதா?

எங்கள் தலைமுறை பழகிய அந்த வடிவில் இல்லை. ஒரு காலத்தில் கல்லூரி ஆசிரியருக்கு முதல் படியே அதுதான். துறைக்குத் துறை ஒரு மைனர் புராஜெக்ட், அதற்கு ஒரு எச்.பி. பிரின்டர்.

அதற்குப் பிறகு வந்தவற்றில் கூட்டு முயற்சிக்கு நெருக்கமானது 2019-இல் மானியக் குழு அறிவித்த ஸ்ட்ரைட் திட்டம். அதன் மூன்றாவது பிரிவை மெய்யியல், வரலாறு, தொல்லியல், மொழியியல், இந்திய மொழிகள் போன்ற துறைகளுக்கென்றே வைத்தார்கள். ஒரே நிறுவனம் என்றால் 1 கோடி ரூபாய் வரை, பல நிறுவனங்கள் சேர்ந்த வலைப்பின்னல் என்றால் 5 கோடி வரை. நம் துறைகளுக்கு அந்த அளவில் ஒரு தொகையை அச்சில் பார்த்ததே பலருக்கு அப்போதுதான். அதற்கு முந்தைய ஆண்டு, 2018-இல், ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். வழியாக நடந்த இம்ப்ரெஸ் திட்டத்துக்கு 414 கோடி ஒதுக்கினார்கள். 1,500 ஆய்வுகள் இலக்கு.

இந்தத் திட்டங்கள் வரும், இரண்டு மூன்று ஆண்டு ஓடும், பெயர் மாறும். ஆகவே ஒரு திட்டத்தின் பெயரை நம்பி ஆய்வை வடிவமைக்காதீர்கள். ஆய்வுக் குறிப்பு எட்டுப் பக்கம் தயாராக இருந்தால், எந்தப் பெயரில் அழைப்பு வந்தாலும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

நான் தமிழ் இலக்கியம் படித்தவன். சமூக அறிவியல் மன்றத்தில் எனக்கு என்ன வேலை?

இந்தக் கேள்வியைக் கேட்டே பாதிப் பேர் விண்ணப்பிப்பதில்லை. பண்பாட்டு ஆய்வு, சமூகமும் இலக்கியமும், மொழியியல், அண்மைக்காலச் சமூக வரலாறு ஆகிய பக்கத்துத் துறைகளுக்கும் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். இடம் கொடுக்கிறது. ஆனால் கேள்வியை நீங்கள் எப்படிக் கேட்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது விஷயம். "அச்சுத் தொழிலாளர் பற்றிய சிறுகதைகள்: ஓர் ஆய்வு" என்று தலைப்பு வைத்தால் மதிப்பீட்டாளர் ஓரமாக வைத்துவிடுவார். "கணினி வந்தபின் அச்சுக்கோப்பாளர்களின் தொழில் அறிவு என்ன ஆனது, அது எந்தச் சொற்களில் மிஞ்சியிருக்கிறது?" என்று கேட்டால் அதே பொருள் சமூக அறிவியல் ஆகிவிடுகிறது. 'ஓர் ஆய்வு' என்று முடியும் தலைப்புகளுக்கு இப்போதே முழுக்குப் போட்டுவிடுங்கள். எனக்கும் அந்தப் பழக்கம் இருந்தது, எம்.ஃபில். காலத்து வியாதி.

முறையியல் பகுதியையும் நம் ஆட்கள் கோட்டை விடுகிறோம். எத்தனை பேரைச் சந்திப்பீர்கள், அவர்களை எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள், எந்த ஊர்களில், ஒவ்வொரு பேட்டியும் எவ்வளவு நேரம், பதிவை எப்படிப் பகுப்பீர்கள் என்பதை எழுத வேண்டும். 'களஆய்வு முறை பின்பற்றப்படும்' என்ற ஒற்றை வரியைப் படித்துவிட்டு யாரும் பணம் தர மாட்டார்கள்.

முதன்மை ஆய்வாளர் யாராக இருப்பது நல்லது, கல்லூரியா பல்கலைக்கழகமா?

பல்கலைக்கழகப் பேராசிரியர் பெயர் மேலே இருந்தால் கிடைக்கும் என்றொரு நம்பிக்கை உண்டு. அவருடைய வெளியீடுகள் கனமாக இருந்தால் அது உதவும். ஆனால் முதன்மை ஆய்வாளர் எங்கே வேலை பார்க்கிறாரோ அந்த நிறுவனத்தின் கணக்குக்குத்தான் பணம் போகும். அறிக்கைக்கு அவர்தான் பொறுப்பு. அவர் ஓய்வு பெறப் போகிறாரா, வேறு பொறுப்புக்குப் போகப் போகிறாரா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். நடுவழியில் முதன்மை ஆய்வாளரை மாற்றுவது கடிதப் போக்குவரத்திலேயே ஆறு மாதம் தின்னும் வேலை.

களம் உங்கள் ஊர், கேள்வி உங்களுடையது, எழுதப் போவதும் நீங்கள் என்றால், தகுதி இருக்கும்பட்சத்தில் நீங்களே முதன்மை ஆய்வாளராக நில்லுங்கள். பணிவு காரணமாகப் பின்னால் நிற்க வேண்டாம்.

பணம் யாருக்கு வரும்? எப்படிப் பிரிப்பது?

இங்கேதான் பெரும்பாலான கூட்டுகள் உடைகின்றன. நான் இணை ஆய்வாளராக இருந்த முதல் திட்டத்தின் முன்மொழிவில் முதல் பக்கம் முழுக்க 'இணைந்து', 'ஒருங்கிணைந்து', 'கைகோத்து' என்றெல்லாம் இருந்தது. வரவு செலவுப் பக்கத்தில் எங்கள் கல்லூரியின் பெயரே இல்லை. படித்தபோது எனக்கு உறைக்கவில்லை. பணம் வந்த பிறகு, மாணவர்களைக் களத்துக்குக் கூட்டிப்போக பஸ் டிக்கெட்டுக்குக்கூட 140 கிலோமீட்டர் தள்ளியிருந்த பல்கலைக்கழக அலுவலகத்துக்கு பில் அனுப்பிக் காத்திருக்க வேண்டியிருந்தது. டவுன் பஸ் கண்டக்டர் கொடுத்த பயணச்சீட்டின் மை அங்கே போய்ச் சேர்வதற்குள் அழிந்துவிட்டது. வெற்றுத் தாளை வவுச்சர் என்று ஏற்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான். அன்று முதல் பஸ் டிக்கெட்டை வாங்கியவுடன் படமெடுத்து, அன்றைக்கே தனித்தாளில் தேதி, ஊர், தொகை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவேன்.

ஆகவே கூட்டாளி முன்மொழிவை அனுப்பினால் முன்னுரையைப் படிக்காதீர்கள். நேராக வரவு செலவுப் பக்கத்துக்குப் போங்கள். உங்கள் பங்கு அங்கே எந்த வரியில் இருக்கிறது? நல்கை விதிகள் இரண்டு நிறுவனங்களுக்கும் தனித்தனியாகப் பணம் அனுப்ப இடம் தந்தால் அதையே கேளுங்கள். தராவிட்டால், பெற்ற நிறுவனம் எந்தத் தலைப்பில், எத்தனை நாளுக்குள் உங்களுக்கு முன்பணம் தரும் என்று எழுத்தில் வாங்குங்கள். 12(பி) இல்லாத கல்லூரியின் சங்கடம் என்று மேலே சொன்னது இதுதான்: பணத்தின் சாவி எப்போதும் அடுத்தவர் இடுப்பில் இருக்கும்.

இன்னொரு விஷயம், எழுத்துப்பெயர்ப்பு, அதாவது ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுவது. நம் துறைகளில் யாரும் இதற்குப் பணம் கேட்பதில்லை. அச்சக உதாரணத்தில் 30 கம்பாசிட்டர்கள், ஆளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் 60 மணி நேர ஒலிப்பதிவு. பேச்சுத் தமிழை, அதுவும் மிஷின் சத்தத்தில் பாதிக் காது போன பெரியவர் விழுங்கி விழுங்கிப் பேசுவதை, ஒரு மணி நேரம் கேட்டு எழுத ஆறு மணி நேரம் ஆகும். 360 மணி நேரம். ஒருவர் நாளைக்கு ஆறு மணி நேரம் இதையே செய்தால் 60 வேலை நாள், ஏறக்குறைய மூன்று மாதம். 'ஃபாரம்' என்றாரா 'ஃபர்மா' என்றாரா என்று ஒரே இடத்தைப் பத்துத் தடவை ஓட்டிக் கேட்கும் வேலை இது. இதைச் சும்மா மாணவர்கள் தலையில் கட்டுவது வழக்கமாக இருக்கிறது. கட்டாதீர்கள். தனி வரியாகப் போட்டுக் கேளுங்கள். கணக்கைக் காட்டினால் மதிப்பீட்டாளர்கள் வெட்டுவதில்லை. ஒட்டுமொத்தமாக 'இதர செலவு' என்று போட்டால்தான் வெட்டுவார்கள்.

கேமரா, லேப்டாப் வாங்கலாமா?

விதி இடம் தரும் அளவுக்கு வாங்கலாம். அரசு நல்கை என்றால் பெரும்பாலும் அரசுக் கொள்முதலுக்கான ஜெம் இணையச் சந்தை வழியாகத்தான். திட்டம் முடிந்தபின் பொருள் நிறுவனத்துக்குச் சொந்தம், உங்களுக்கு அல்ல. கூட்டுத் திட்டத்தில் எந்த நிறுவனத்தின் இருப்புப் பதிவேட்டில் ஏறுகிறது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை மட்டும் வாங்கிவிட்டு இரண்டு ஊருக்கும் ஆள் மூலம் அனுப்பிக்கொண்டிருந்த கதை எனக்குத் தெரியும்.

புரிந்துணர்வு ஒப்பந்தம் கட்டாயமா? அதில் என்ன எழுத வேண்டும்?

சில அழைப்புகளில் கட்டாயம். கேட்காவிட்டாலும் போடுங்கள். ஆனால் நம் கல்லூரிகளில் போடப்படும் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் தேசிய தர மதிப்பீட்டுக் குழு வரும்போது காட்ட எடுத்த புகைப்படத்துக்கானவை. சால்வை, ஃபைல் பரிமாற்றம், ஒரு குரூப் ஃபோட்டோ, அவ்வளவுதான். அது இதற்கு உதவாது.

இரண்டு பக்கத்தில் வேலைக்கான ஒப்பந்தம் எழுதுங்கள். யார் எந்த மாதத்துக்குள் எதை முடிப்பது, பணம் எப்படி வரும், திட்ட உதவியாளர் எந்த ஊரில் உட்காருவார், பதிவுகளின் பிரதி இரண்டு இடத்திலும் இருக்குமா, கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் வரும், யாராவது விலகினால் என்ன செய்வது. முதல்வரும் பதிவாளரும் கையெழுத்திட வேண்டும். துறைத்தலைவர் கையெழுத்து போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். துறைத்தலைவர் பதவி சுழற்சி முறையில் மாறும்.

வெளிநாட்டு நல்கை கிடைத்தால் கூட்டாளிக் கல்லூரிக்குப் பங்கு கொடுக்கலாமா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். தெரியாமல் மாட்டிக்கொண்டால் சிக்கல் பெரிது.

வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010. நாம் எஃப்.சி.ஆர்.ஏ. என்போம். அதில் 2020 செப்டம்பரில் செய்த திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டுப் பங்களிப்பைப் பெற்ற அமைப்பு அதை வேறு எந்த அமைப்புக்கும் மாற்றிக் கொடுக்க முடியாது. முன்பு பதிவு பெற்ற இரண்டு அமைப்புகளுக்கிடையே கொடுக்க முடிந்தது. இப்போது அதுவும் இல்லை. ஒருவர் வாங்கி மற்றவருக்குப் பிரித்துக் கொடுக்கும் கூட்டுத் திட்ட மாதிரியே இதனால் உடைந்துவிட்டது. பணம் முதலில் வந்து விழ வேண்டிய இடமும் ஒன்றே ஒன்றுதான்: பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் திறக்கும் கணக்கு. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பையும் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தார்கள்.

மத்திய, மாநிலச் சட்டத்தால் உருவாகி, தலைமைக் கணக்குத் தணிக்கையரின் கட்டாயத் தணிக்கைக்கு உட்பட்ட நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. உங்கள் கூட்டாளி அதில் வருகிறதா என்று அவர்களுடைய நிதி அலுவலரிடம் கேளுங்கள். பேராசிரியரிடம் கேட்டால் "அதெல்லாம் பிரச்சினை இல்லை" என்பார்.

இதற்கு நடைமுறையில் இரண்டு வழிகள் பார்த்திருக்கிறேன். இரண்டு நிறுவனங்களும் தகுதி பெற்றிருந்தால் நல்கை தருபவரே தனித்தனி ஒப்பந்தம் போட்டு நேரடியாக அனுப்புவது ஒன்று. பெற்ற நிறுவனமே எல்லாச் செலவையும் தன் கையால் செய்வது மற்றொன்று. பணம் கைமாறாது, வேலை மட்டும் பகிரப்படும். இரண்டில் எதை எடுத்தாலும் ஒரு நல்ல ஆடிட்டரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

அப்படியென்றால் வெளிநாட்டு நல்கையே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. தமிழ் ஆவணங்கள் பல பிழைத்திருப்பதற்கு அந்த வழியும் ஒரு காரணம். பிரிட்டிஷ் நூலகம் 2004-இல் தொடங்கிய 'அழியும் நிலையிலுள்ள ஆவணங்கள்' திட்டத்தின் நல்கையில் தமிழ்நாட்டுக் கிராமங்களின் வழக்காறு சார்ந்த சட்ட ஆவணங்கள், பழைய ஸ்டூடியோ புகைப்படங்கள், ஆரம்பகால அச்சு நூல்கள் எல்லாம் படியெடுக்கப்பட்டன. அந்தத் திட்டத்தின் ஒரு நல்ல விதி: மூலப்பொருள் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது, மின்படியின் ஒரு பிரதி இங்கேயே இருக்க வேண்டும்.

அதற்கும் முந்தைய கதை, பழைய தமிழ் நூல்களைச் சேர்த்து வைத்த கோட்டையூர் ரோஜா முத்தையாவுடையது. அவர் 1992-இல் காலமான பிறகு, அவர் சேர்த்த நூல்களை 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அவற்றைக் கப்பலில் ஏற்றாமல் சென்னையிலேயே நூலகமாக வைத்தார்கள். இன்று நம் மாணவர்கள் தரமணிக்குப் போய்ப் படிக்கிறார்கள். 2014 முதல் 2019 வரை ஹாம்பர்க் பல்கலைக்கழகமும் தூரகிழக்கு ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியின் புதுச்சேரி மையமும் சேர்ந்து ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றத்தின் நல்கையில் நடத்திய நெத்தமிழ் திட்டம் தமிழ்ச் சுவடிகளைப் படியெடுத்தது, பதிப்புகளுக்கு வழி செய்தது. இவற்றில் கல்லூரிகளின் பெயர் ஏன் அதிகம் வரவில்லை என்று நமக்கு நாமே கேட்டுக்கொள்ளலாம்.

இந்திய அரசுப் பணத்திலேயே வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர முடியுமா?

2018-இல் 418 கோடி ரூபாயில் தொடங்கிய ஸ்பார்க் திட்டம் அதற்குத்தான். கரக்பூர் ஐ.ஐ.டி. ஒருங்கிணைக்கிறது. தேசிய தரவரிசையில் முன்வரிசையில் உள்ள நிறுவனங்களுக்கே பெரும்பாலும் வழி. சாதாரணக் கல்லூரி தனியாக நுழைவது கடினம்.

ஆராய்ச்சி நல்கைக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும் என்கிறார்களே?

2024-இல் சில பெரிய நிறுவனங்களுக்கு நோட்டீஸ் போனதும் கிளம்பிய பீதி அது. அந்த ஆண்டு செப்டம்பர் 9 அன்று கூடிய ஜி.எஸ்.டி. மன்றத்தின் 54-ஆவது கூட்டம், சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகங்கள், ஆய்வு மையங்கள், வருமானவரிச் சட்டத்தின் 35-ஆம் பிரிவில் ஆய்வுக்காக விலக்குப் பெற்ற நிறுவனங்கள் ஆகியவை நல்கை கொண்டு செய்யும் ஆய்வுப் பணிக்கு வரி விலக்குப் பரிந்துரைத்தது. உங்கள் கல்லூரி இந்த வகைக்குள் வருகிறதா என்பதை ஆடிட்டர் சொல்வார். நீங்கள் வாங்கும் கேமராவுக்கும் பேப்பருக்கும் உள்ள வரி வேறு கதை, அது கட்டித்தான் ஆக வேண்டும். பட்ஜெட் போடும்போது வரியையும் சேர்த்தே விலை போடுங்கள்.

யூ.சி. என்று பயமுறுத்துகிறார்களே, அது என்ன?

பயன்பாட்டுச் சான்றிதழ். வந்த பணத்தை வந்த காரியத்துக்கே செலவழித்தோம் என்று நிறுவனத் தலைவரும் கணக்காளரும் கையெழுத்திட்டுத் தருவது. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் இதற்கு 12-ஏ என்ற படிவம் இருக்கிறது. அடுத்த தவணை பெரும்பாலும் இது போய்ச் சேர்ந்த பிறகுதான் வரும். ஒரு வரியில் சொன்னால் அவ்வளவுதான். அனுபவத்தில் சொன்னால் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

முதன்மை ஆய்வாளராக இருந்தபோது, மார்ச் 29 அன்று மூன்று பிரதி யூ.சி.யோடு அலுவலகக் கண்காணிப்பாளர் மேசை முன் நின்றேன். அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "மேடம், வட்டி எங்கே?" என்றார். எந்த வட்டி என்றேன். திட்டப் பணம் கல்லூரியின் சேமிப்புக் கணக்கில் எட்டு மாதம் இருந்தது. அதற்கு வங்கி 4,312 ரூபாய் வட்டி போட்டிருந்தது. அது எங்கள் பணம் இல்லை, நல்கைப் பணமும் இல்லை, இந்தியத் தொகுநிதிக்குத் திருப்பிக் கட்ட வேண்டிய பணம். மத்திய அரசுக்குப் பணம் கட்டும் பாரத்கோஷ் தளத்தில் கட்டி, ரசீதை இணைத்து, மறுபடி மூன்று பிரதி அடித்து, மறுநாள் ஆடிட்டர் வீட்டு வாசலில் நின்று முத்திரை வாங்கினேன். அந்தக் கண்காணிப்பாளர் கேட்டிருக்காவிட்டால் யூ.சி. டெல்லி போய்த் திரும்பி வந்திருக்கும்; இரண்டாம் தவணை இன்னொரு ஆண்டு தள்ளிப்போயிருக்கும். ஆய்வு நல்கையில் நமக்கு உண்மையான கூட்டாளி அலுவலகம்தான். திட்டம் கிடைத்தவுடன் அவர்களுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து விதிகளைச் சேர்ந்து படியுங்கள்.

கூட்டுத் திட்டத்தில் இரண்டு அலுவலகம், இரண்டு ஆடிட்டர். உங்கள் பகுதிக் கணக்கு உங்கள் கல்லூரியில் தணிக்கையாகி, அந்த எண் பல்கலைக்கழகத்தின் கணக்கில் அப்படியே ஏற வேண்டும். ஜனவரியிலேயே ஆரம்பியுங்கள்.

திட்ட உதவியாளராக என் மாணவரையே போடலாமா?

விளம்பரம் கொடுத்து, நேர்காணல் குழு வைத்து, அதில் அவர் தேர்வானால் போடலாம். நேரடியாகப் போட்டால் தணிக்கையில் கேள்வி வரும். உறவினரை எந்தக் காரணத்துக்கும் போடாதீர்கள். கூட்டுத் திட்டத்தில் இரண்டு நிறுவனத்துக்கும் ஆளுக்கொரு உதவியாளர் இருந்தால் நல்லது. ஒருவர் மட்டும் என்றால், அவர் எப்போதும் பணம் இருக்கும் பக்கமே உட்கார்ந்திருப்பார்.

பதிவுகளும் சுவடிகளும் யாருக்குச் சொந்தம்?

கம்பாசிட்டர் சொன்ன கதை கம்பாசிட்டருடையது. பேட்டிக்கு முன் தமிழில், அவருக்குப் புரியும் சொற்களில் ஒப்புதல் வாங்குங்கள். முழுப்பெயர் போடலாமா, குரலைப் பிறர் கேட்கும்படி வைக்கலாமா, எந்தப் பகுதியை மூடி வைக்க வேண்டும் என்று தனித்தனியாகக் கேளுங்கள். சம்பளப் பாக்கி வைத்த முதலாளி பற்றிய பகுதியில் பலர் "இதை எழுதிடாதீங்கம்மா" என்பார்கள். எழுதாதீர்கள்.

75 ஆண்டுக்கு மேற்பட்ட சுவடிகள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். நாமாக வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. அச்சு நூல்களில், ஆசிரியர் இறந்து 60 ஆண்டு ஆகாதவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு. தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கியவர்களின் நூல்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்பது நமக்கு ஒரு பெரிய வசதி.

பதவி உயர்வுக்கு இது உதவுமா?

மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, முடிந்த திட்டம் 10 லட்சத்துக்கு மேல் என்றால் 10 புள்ளி, கீழே என்றால் 5. கூட்டுத் திட்டம் என்றால் முதன்மை ஆய்வாளருக்கும் இணை ஆய்வாளருக்கும் பாதிப் பாதி. சேர்ந்து வேலை செய் என்று ஒரு கையால் அழைத்து மறு கையால் புள்ளியைப் பாதியாக்குகிறார்கள். இதைப் பற்றி என்னிடம் சண்டை போட வேண்டாம், எனக்கும் அதே கோபம்தான்.

நிராகரித்துவிட்டார்கள். அடுத்து என்ன?

மதிப்பீட்டாளர் குறிப்பு கிடைத்தால் படியுங்கள், பெரும்பாலும் கிடைக்காது. முன்மொழிவை நம் துறை அல்லாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் கேட்கும் முதல் கேள்விதான் நீங்கள் எழுதாமல் விட்டது. என்னுடையது இரண்டு முறை திரும்பியது. மூன்றாவது முறை தலைப்பையும் பட்ஜெட்டையும் மட்டும்தான் மாற்றினேன்.

அறிவிக்கை வந்து எத்தனை நாள் இருக்கும்?

பெரும்பாலும் சில வாரங்கள். அதில் பாதி, கையெழுத்து வாங்கப் போய்விடும். ஆகவே 2(எஃப்), 12(பி) கடித நகல், நிறுவனத்தின் பான் எண், பி.எஃப்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் நிதி மேலாண்மைத் தளத்தில் பதிவு செய்த குறியீட்டு எண், இரு தரப்பின் தன்விவரக் குறிப்பு, கையெழுத்தான ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் இப்போதே போட்டு வையுங்கள். கடைசி வாரத்தில் ஆய்வுக் கேள்வியைத் திருத்திக்கொண்டிருக்காமல், முதல்வர் ஊரில் இருக்கிறாரா, பதிவாளர் விடுப்பில் போயிருக்கிறாரா என்று முதலில் ஃபோன் போட்டுக் கேளுங்கள்.